வெயிலைத் துரத்திய இறக்கம்

நாலாவது வளைவைத் தாண்டியதும் சாலையோரத்தில் ஜல்லி கொட்டி வைத்த அகலமான இடம் ஒன்று வந்தது. அங்கே பிக்கப்பை ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சாவியை உருவி, தரணேந்திரன் அண்ணனின் உள்ளங்கையில் வைத்தேன்.

"நீங்களே ஓட்டுங்கண்ணே" என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.

அவர் சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டார். கூலிங் கிளாஸைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார். மலையின் நிழல் எங்கள் மேல் விழுந்து கால்மணி நேரம் ஆகியிருந்தது. நிழலில் கூலிங் கிளாஸ் எதற்கு என்று கேட்க வாய் வரை வந்தது, கேட்கவில்லை.

பின்னால் தார்ப்பாய் போட்டுக் கட்டிய புளி மூட்டைகள், ஒன்றேகால் டன். இடது ஜன்னலோரம் என் மாமனார், கண்ணை மூடியபடி. கீழே இன்னும் ஏழெட்டு வளைவுகள் இருந்தன.

இந்தத் தொடரை இந்த வாரம்தான் பிரித்திருக்கிறவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன். செஞ்சிக்கும் அனந்தபுரத்துக்கும் நடுவில் ஒரு சிற்றூரில் வாழ்க்கைப்பட்டவள் நான், பெயர் பத்மா. சமணக் குடும்பம். புளி, மணிலாக்கொட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரம். என் கணவருக்கு முதுகில் டிஸ்க் நகர்ந்து, இனி ஸ்டியரிங் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொன்னபின், வாசலில் நின்ற பிக்கப்பை நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன்.

மாமனாருக்கு அது பிடிக்கவில்லை. மருமகள் லோடு வண்டி ஓட்டுவதை ஊரே பார்க்கிறது என்பது அவர் குறை. ஊர் பார்க்காமல் வண்டி ஓட்ட வழி இருந்தால் நான் ஏன் ஓட்டாமல் இருக்கப் போகிறேன்? வண்டியை விற்றுவிடலாம் என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டே இருந்தவர், ஒரு பங்குனியில் திடீரென்று, "ஒரு தரம் நானும் வரேன். பாத்துட்டு முடிவு பண்ணலாம்" என்றார்.

ஆக, புளி ஏற்றப் போன அந்த ஜவ்வாது மலைப் பயணம் எனக்குப் பரீட்சை. வண்டி என்னிடம் இருக்குமா, போகுமா என்பதைத் தீர்மானிக்கிறவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

மலையை அறிந்தவர்கள்

செஞ்சிக்காரர்களுக்கு ஒரு நினைப்பு உண்டு. மலையைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று. விடிந்து எழுந்தால் ராஜகிரி, திரும்பினால் கிருஷ்ணகிரி, பஸ் ஸ்டாண்டில் நின்று அண்ணாந்தால் கோட்டைச் சுவர்.

ஆனால் அந்த மலைகளில் ரோடு கிடையாது, படிக்கட்டுதான். வாட்டர் பாட்டிலைக் கையில் பிடித்து மூச்சு வாங்க ஏறி, குரங்கிடம் பிஸ்கட்டைப் பறிகொடுத்து, ஒரு செல்பி எடுத்துக்கொண்டு இறங்குவதற்கும், லோடு வண்டியை மலையிலிருந்து இறக்குவதற்கும் என்ன சம்பந்தம்? தளவானூர்ப் பக்கம் ஏரிக்கரை மேட்டில் ஏறி இறங்கிவிட்டு, மலை ரோடெல்லாம் தண்ணி பட்ட பாடு என்று பேசுகிற டிரைவர்களைப் பெயர் சொல்லியே தெரியும் எனக்கு. பெயரைப் போட்டால் அடுத்த வாரம் டீக்கடையில் என் பெயர் அடிபடும் என்பதால் விடுகிறேன்.

இவர்களுக்கென்று ஒரு தனி சாஸ்திரம் இருக்கிறது. இறக்கம் வந்தால் நியூட்ரல். "வண்டி தானா போவுது, எஞ்சினுக்கு இன்னாத்துக்கு வேல வைக்கணும்?" என்பார்கள். மிச்சமாகும் டீசலில் ஒரு டம்ளர் டீ கூட வராது. அதை மிச்சம் பிடிக்க மூன்று நாலு உயிரைப் பணயம் வைப்பார்கள். முன்னால் எலுமிச்சம்பழம் கட்டுவார்கள், கண்ணாடியில் சாமி படம் ஒட்டுவார்கள், வளைவுக்கு வளைவு ஹாரன் அடிப்பார்கள். கியரை மட்டும் நம்பமாட்டார்கள்.

விஷயம் ரொம்பச் சாதாரணம். இறக்கத்தில் வண்டியைப் பிடித்து வைப்பது காலின் வேலை இல்லை, கியரின் வேலை. இந்த லோடோடு இந்த ரோட்டில் ஏற வேண்டுமென்றால் எந்தக் கியர் போடுவாயோ, அதே கியரில் இறங்கு. பிரேக்கை அழுத்து, வேகம் குறைந்ததும் விட்டுவிடு. காலை அதன்மேலேயே வைத்துத் தேய்த்தால் பிரேக் லைனர் சூடேறி, ஒரு நேரத்துக்குமேல் மிதித்தும் பிரேக் பிடிக்காது. அவ்வளவுதான்.

இதை எனக்கு டிரைவிங் ஸ்கூலில் சொல்லித் தரவில்லை. அங்கே எட்டுப் போடச் சொல்லித் தந்தார்கள், சேலையைக் காலில் சிக்காமல் செருகிக்கொள்ளச் சொன்னார்கள். இது வண்டியோடு வந்த புத்தகத்தில் இருந்தது. எங்கள் உறவில் ஓட்டத் தெரிந்த ஆண்கள் மூன்று பேர். வாங்கி ஆறு வருடம் ஆன வண்டியின் அந்தப் புத்தகத்தை, பிளாஸ்டிக் உறை பிரித்து முதலில் படித்தது நான்தான்.

பொழுதும் சாப்பாடும்

எங்கள் வீடுகளில் பொழுது சாய்ந்தால் சாப்பாடு கிடையாது. இளசுகள் இப்போது முன்பின் இருப்பார்கள், நானும் அப்படித்தான். மாமனார் விஷயத்தில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. கடிகாரத்தையும் அவர் நம்பமாட்டார். வெயில் கண்ணுக்குத் தெரிந்தால் சாப்பிடுவார், தெரியாவிட்டால் மறுநாள் விடிந்துதான். தண்ணீரும் அப்படியே. வீட்டில் வெள்ளைத் துணியில் வடிகட்டிக் காய்ச்சியதைத்தான் குடிப்பார். சர்க்கரை வியாதிக்கு மாத்திரை போடுகிறவர் இப்படி இருந்தால் ஆபத்து என்று டாக்டர் எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது. "அவரு படிச்ச படிப்பு அவருக்கு" என்பார்.

அதனால் அன்றைக்கு விடிவதற்கு முன்பே என் மாமியார் கேரியரில் தயிர்சோறும் வாழைக்காய் வறுவலும் கட்டி, ஐந்து லிட்டர் கேனில் வடிகட்டிய தண்ணீரும் வைத்திருந்தார். அதைத் தொடவே விடவில்லை தரணேந்திரன் அண்ணன்.

தரணேந்திரன் அண்ணன் என் நாத்தனாரின் கணவர். வீடு போளூரில், மலைக்குக் கீழே. இரண்டு வருடம் முன்பு ஒரு கார் வாங்கினார். அன்றிலிருந்து ரோடு, டயர், எஞ்சின் எதைப் பற்றிப் பேசினாலும் அவர்தான் கடைசியாகப் பேசுவார். அந்தக் காரில் கியரே மாற்ற வேண்டியதில்லை, அது தானாக மாறிக்கொள்ளும். இதை அவர் தன் திறமைக் கணக்கில் சேர்த்துச் சொல்வார்.

காலையில் போளூரில் வண்டியில் ஏறும்போதே சொல்லிவிட்டார். "மாமா, மதியம் லேசா எதாவது போதும். பொழுதுக்குள்ள நம்ம வூட்டுக்கு வந்துடறோம். உங்க பொண்ணு போளி, வடை, பாயசம்னு பண்ணிக்கினு இருக்கா. கேரியர்ல இருக்கற பழைய சோத்தத் தின்னுட்டு வந்து கை கழுவுனீங்கன்னா என் மானம் போயிடும்."

மாமனாருக்கு மாப்பிள்ளை என்றால் தனிப் பிரியம். சரி என்று தலையாட்டிவிட்டார். மேலே ஜமுனாமரத்தூரில் பதினோரு மணிக்கு இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டதோடு சரி.

லோடு ஏற்றி முடிக்க இரண்டரை ஆயிற்று. அதன்பிறகு அண்ணன் படகுத் துறையைப் பார்க்க வேண்டும் என்றார். பார்த்தார். பிறகு அந்தப் படகுத் துறையை அவருடைய குரூப்புக்கெல்லாம் வீடியோவாக அனுப்ப வேண்டும் என்றார். டவர் கிடைக்கவில்லை. டவர் கிடைக்கும் இடம் தேடி அலைந்தார். நாங்கள் இறக்கத்துக்கு வந்து சேர்ந்தபோது நாலரையைத் தாண்டிவிட்டது. இந்தத் தாமதத்தை யார் செய்தது என்பதை வாசகர்கள் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அன்று அதை யாரும் குறித்து வைத்துக்கொள்ளவில்லை.

நிழல்

போளூர்ப் பக்கம் இறங்கும் சாலை மலையின் கிழக்குச் சரிவில் வருகிறது. பிற்பகல் ஆகிவிட்டால் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். வானம் வெளிச்சமாகத்தான் இருக்கும், ஆனால் ரோடு முழுக்க நிழல். இரண்டாவது கியரில், எஞ்சின் உறுமிக்கொண்டிருக்க, மூன்று வளைவுகள் நிதானமாக இறக்கினேன். இரண்டாவது வளைவிலேயே நிழல் எங்களை மூடியிருந்தது.

மாமனார் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "பொழுது போயிடுச்சா மாப்ள?"

"இல்ல மாமா, மலை மறைக்குது. கீழ எறங்கிட்டா வெயிலு இருக்கும்." அண்ணன் என் பக்கம் திரும்பினார். "இன்னாம்மா பத்மா, இப்டி உருட்டற? மூணாவது போடேன்."

"லோடு இருக்குதுண்ணே. ரெண்டாவதுலதான் வரணும்."

"எஞ்சினு எப்டி கத்துது பாரு. மாமா, இந்த மாதிரி ஓட்டுனா எஞ்சின் ஒரு வருசம் கூட தாங்காது. எறக்கத்துல யாராச்சும் ஆக்ஸிலேட்டர் குடுப்பாங்களா?"

"நா குடுக்கலண்ணே. கால எடுத்துட்டுதான் வரேன். வண்டியப் புடிச்சி வைக்கறதால கத்துது."

"எனக்கே சொல்லிக் குடுக்கறியா?"

அவர் அதோடு நிறுத்தவில்லை. அவருடைய நண்பர் ஒருவர் ஊட்டியில் எப்படி இறக்கினார், ஏற்காட்டில் எத்தனை நிமிடத்தில் கீழே வந்தார் என்று பட்டியல் போட்டார். பெண்களுக்குப் பயம் என்பது பிறவியிலேயே வருவது என்றார். அதற்காக அவர்களைக் குறை சொல்ல முடியாதாம்.

இதெல்லாம் எனக்குப் பழக்கம். பெட்ரோல் பங்க்கில், மார்க்கெட் கமிட்டியில், ரைஸ் மில்லில் எங்கே வண்டியைப் பின்னால் எடுத்தாலும் நாலு பேர் ஓடிவந்து "ஒடி, ஒடி, வா, வா" என்று கை ஆட்டுவார்கள். அவர்கள் காட்டும் பக்கம் ஒடித்தால் சுவரில்தான் போய் நிற்க வேண்டும். ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுவேன்.

ஆனால் அப்போது மாமனார் வாயைத் திறந்தார். "மாட்டு வண்டி கூட இந்நேரம் கீழ போயிருக்கும்" என்றார். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். இன்றைக்குச் சாப்பாடு இல்லை என்று முடிவு செய்தவர்போல இருந்தது அவர் முகம்.

பரீட்சையில் மார்க் போட்டாகிவிட்டது. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அப்போதுதான் ஜல்லி கொட்டிய அந்த இடம் வந்தது. வண்டியை நிறுத்தினேன். சாவியைக் கொடுத்தேன்.

முழங்காலும் கியர் கம்பியும்

இடம் மாறியதில் நான் நடுவில் உட்கார வேண்டியதாயிற்று. மாமனாருக்கு மலை இறங்கும்போது குமட்டும் என்பதால் ஜன்னலை விட்டு நகரமாட்டார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவர் பக்கத்தில் நான் உட்கார்ந்ததில்லை. தோள் துண்டை எடுத்து நாலாக மடித்து எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தார். அந்தப் பக்கம் என் முழங்காலை இடித்துக்கொண்டு கியர் கம்பி நின்றது.

முதல் வளைவை அண்ணன் மூன்றாவது கியரில் இறக்கினார். நன்றாகத்தான் இறக்கினார், பிரேக் இன்னும் சூடேறவில்லையே. இரண்டாவது வளைவில் டயர் கிறீச்சிட்டது. "பாத்தியா?" என்றார். அதன்பின் நேரான ஒரு இறக்கம் வந்தது. கியர் கம்பியைத் தட்டி நியூட்ரலுக்குத் தள்ளினார். எஞ்சின் சத்தம் அடங்கிப் போயிற்று.

"எப்டி வழுக்கிக்கினு போவுது பாருங்க மாமா!"

வழுக்கிக்கொண்டுதான் போயிற்று. பின்னால் ஒன்றேகால் டன் புளி முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டிருந்தது. அவர் வலது கால் பிரேக்கை விட்டு எழவே இல்லை. நான் அந்தக் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் திறக்கவில்லை.

மூன்றாவது வளைவில் வாசனை வந்தது. லைனர் கருகும் வாசனை. இஸ்திரிப் பெட்டியைத் துணி மேல் மறந்து வைத்ததுபோல, அதோடு கொஞ்சம் இரும்பும் கலந்து. ஒரு தடவை மூக்கில் ஏறினால் யாருக்கும் மறக்காது.

"யாரோ கீழ ரப்பர் கொளுத்தறானுங்க" என்றார் அண்ணன். "இந்த மலையாளுங்களுக்கு அறிவே கெடையாது."

அப்போதும் நான் பேசவில்லை. இதை இப்போது எழுதும்போது கை கொஞ்சம் தயங்குகிறது, ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும்.

நாலாவது வளைவுக்கு முன்னால் அவர் இடுப்பை உயர்த்தி முழுப் பலத்தோடு மிதித்தார். வண்டி கேட்கவில்லை. மறுபடி மிதித்தார். கீழேயிருந்து ஏறி வரும் பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

"புடிக்கல" என்றார். அவர் குரலே இல்லை அது. "பத்மா, பிரேக் புடிக்கல."

"கிளட்ச்ச மிதிங்க!"

அவர் பிரேக்கையே மிதித்தார்.

"அது இல்ல! எடது காலு, எடது காலு!" என்று கத்தி, அவர் இடது முழங்கால் மேல் ஓங்கிக் குத்தினேன். கால் கீழே போயிற்று. கியரை மூன்றாவதில் தள்ளினேன். "வுடுங்க! மெதுவா வுடுங்க!"

எஞ்சின் அலறியது. மூன்று பேர் தலையும் கண்ணாடியை நோக்கிப் போய்த் திரும்பியது. "மறுபடி மிதிங்க!" இந்தத் தடவை சொன்னபடி செய்தார். இரண்டாவதில் போட்டேன். ஹேண்ட் பிரேக்கை, அதன் பட்டனை அழுத்தியபடி, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன், பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கிவிடக் கூடாதே என்று. வேகம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. எங்களுக்கு இடது பக்கம் மலை, வலது பக்கம் ஒன்றுமில்லை. ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து இடதுபக்கம் இழுத்தேன். இடது டயர்கள் மலையோரக் கால்வாயில் இறங்கின. பக்கக் கண்ணாடி பாறையில் மோதித் தெறித்தது. கதவுத் தகரம் பாறையில் உரசிக்கொண்டே பத்தடி போய் வண்டி நின்றது.

அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்த பிடியை விடவில்லை. கூலிங் கிளாஸ் மூக்கு நுனியில் தொங்கியது. என் இடது மணிக்கட்டை யாரோ இறுக்கிப் பிடித்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. மாமனார். மடித்து வைத்த துண்டு கீழே காலடியில் கிடந்தது.

பஸ் எங்களைத் தாண்டி ஏறிப் போனது. கண்டக்டர் படியில் தொங்கியபடி, "சாவறதுக்கு வேற எடம் கெடைக்கலயா?" என்று கேட்டுவிட்டுப் போனார். நியாயமான கேள்விதான்.

ஏரி மேல் வெயில்

இறங்கி, கைக்குக் கிடைத்த கற்களைப் பொறுக்கிச் சக்கரங்களுக்கு அண்டை கொடுத்தேன். நான்கு சக்கரங்களிலிருந்தும் புகை வந்துகொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தால், அண்ணன் தண்ணீர்க் கேனைத் தூக்கிப் பின்சக்கரத்தின் மேல் கவிழ்த்துக்கொண்டிருக்கிறார். புசுபுசுவென்று ஆவி கிளம்புகிறது.

"அய்யோ, ஊத்தாதீங்க! சூட்டுல ஊத்துனா டிரம் விரிசல் வுட்டுடும்!"

"ஆறணும் இல்ல?"

"தானா ஆறும். அது மாமா குடிக்கிற தண்ணி!"

பிடுங்கிப் பார்த்தபோது ஒரு சொம்பு அளவுதான் மிச்சம். மலையில் வண்டி நின்றால் உடனே தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று அவருக்கு யார் சொன்னார்களோ. அந்த நண்பராகத்தான் இருக்கும், ஊட்டிக்காரர்.

பிறகு அண்ணன் செல்போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "டவர் கெடைக்குதா பாக்கறேன், வூட்ல கவலப்படுவாங்க" என்று வளைவுக்கு அப்பால் நடந்து போனார். அந்த நேரத்தில் அவர் அங்கே இல்லாததே எனக்குப் பெரிய உபகாரமாக இருந்தது.

மாமனார் சாலையின் மறுபக்கக் கட்டைச் சுவர் மேல் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. கை நடுங்கியது. பயத்தில் வந்த நடுக்கமா சர்க்கரை இறங்கிய நடுக்கமா என்று எனக்குத் தெரியவில்லை. கேரியரை எடுத்துக்கொண்டு போனேன்.

"சாப்டுங்க மாமா."

"பொழுது போயிடுச்சேம்மா."

"போவல. மலை மறைக்குது, அவ்ளோதான். அங்க பாருங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். எங்கள் மேல், மரங்கள் மேல், ரோட்டின் மேல் எல்லாம் நிழல். ஆனால் கீழே சமவெளி முழுக்க வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கரும்புத் தோட்டங்கள், ஓட்டு வீடுகள், தூரத்தில் ஒரு ஏரி, அதன் தண்ணீர் கண் கூசும்படி பளபளத்தது. எங்கள் மலையின் நிழல் அடிவாரத்து வயல்களில் கோடு போட்ட மாதிரி விழுந்து, மெல்ல ஏரியை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.

பிறகு அந்த ஒரு சொம்பில் கொஞ்சம் ஊற்றிக் கை கழுவிவிட்டு, கேரியருக்காகக் கையை நீட்டினார்.

வெயிலைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். அவசரப்படவில்லை. ஒவ்வொரு கவளத்துக்கும் நிமிர்ந்து ஏரியைப் பார்த்துக்கொண்டார். நிழல் கரையைத் தொடுவதற்குள் கடைசி வாய் தயிர்சோறு முடிந்து, மீதித் தண்ணீரையும் குடித்து முடித்தார். நடுக்கம் குறைந்திருந்தது. எனக்கு அழுகை வந்தது, முந்தானையால் துடைத்துக்கொண்டு அடுக்குகளை மூடினேன்.

"சாவிய ஏன் குடுத்த?" என்றார்.

"அண்ணன்தான் மாமா..."

"அவன் இன்னா சொன்னான்னு எனக்குத் தெரியும், காது கேக்குது. நீ ஏன் குடுத்த?"

கேரியரின் கொக்கியை மாட்டிக் கையில் தூக்கிக்கொண்டேன்.

"அவனுக்கு எறக்கத் தெரியாதுன்னு உனக்குத் தெரியும். கருகுன வாசனை எனக்கே வந்துது. உனக்கு வரலயா?"

வந்தது. இந்த மனிதரின் உயிர், என் உயிர், என் நாத்தனாரின் தாலி, இவ்வளவையும் ஒரு வார்த்தைக்காகத் தூக்கிக் கொடுத்தேன். படட்டும், அப்போதுதான் புத்தி வரும் என்று நினைத்தேன். நியூட்ரல்காரர்களை இத்தனை வருடம் வாய் ஓயாமல் ஏசிவிட்டு, அன்றைக்கு அந்த வண்டியில் எல்லாம் தெரிந்தும் சும்மா உட்கார்ந்திருந்த ஒரே ஆள் நான்தான். தரணேந்திரன் அண்ணனுக்காவது தெரியாது. அவ்வளவு வெட்கம் அதற்கு முன்னும் பின்னும் நான் பட்டதில்லை.

மாமனார் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "வண்டி உங்கிட்டயே இருக்கட்டும்" என்றார். "கோவத்துல மட்டும் இனிமே எவன் கையிலயும் சாவியக் குடுக்காத."

போளூர்க் கதை

முக்கால் மணி நேரம் வண்டியை ஆற விட்டோம். ஏறி வந்த இன்னொரு லோடு வண்டிக்காரர்கள் கால்வாயிலிருந்து தூக்கிவிட்டார்கள். பிரேக் திரும்பப் பிடிக்கிறதா என்று அந்த இடத்திலேயே இரண்டு அடி உருட்டி உருட்டிப் பார்த்துக்கொண்டு, மீதி வளைவுகளை முதல் கியரில் இறக்கினேன். எஞ்சின் கத்தியது. யாருக்கும் காது வலிக்கவில்லை.

போளூர் போய்ச் சேர்ந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. போளி, வடை, பாயசம் எல்லாம் மூடியபடி இருந்தன. நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். "காலைலேந்து அடுப்பாண்ட நிக்கறேன். நைனா ஒரு வாய் சாப்டல. யாரால லேட்டு?"

"வண்டி சரியில்ல" என்றார் அண்ணன். "பிரேக் பெயிலு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அடுத்தடுத்த மாதங்களில் அந்தக் கதை வளர்ந்தது. எங்கள் உறவில் எந்தக் கல்யாணம், எந்தக் காதுகுத்து என்றாலும், சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டு வந்ததும் யாராவது ஆரம்பித்து வைப்பார்கள். பத்மா சரியாகப் பராமரிக்காத வண்டியில் மலை இறக்கத்தில் பிரேக் போய்விட்டதாம். அண்ணன் சமயோசிதமாகக் கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மலையோரமாக ஒடித்து மூன்று பேரையும் காப்பாற்றினாராம். போன தை மாதம் சொன்னபோது எதிரே வந்தது பஸ் இல்லை, கல் ஏற்றிய லாரி. அடுத்த வருடம் இரண்டு லாரியாகிவிடும்.

"அப்டிதான பத்மா?" என்று என்னிடமே கேட்பார்.

"ஆமாண்ணே" என்பேன்.

இவ்வளவு பேசுகிறவள் அதைமட்டும் ஏன் பேசாமல் விடுகிறாய் என்று என் கணவர் கேட்டிருக்கிறார். கதையைத் திருத்த வேண்டுமென்றால் ஜல்லி கொட்டிய இடத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சாவி எப்படிக் கை மாறிற்று என்று சொல்ல வேண்டும். வாசனை வந்த வளைவையும் சொல்ல வேண்டும். அந்தச் சபையில் அதைச் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

மாமனாரும் அந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருப்பார். மறுத்து ஒரு வார்த்தை பேசியதில்லை. கதை முடிந்து எல்லோரும் அண்ணனைப் பாராட்டும்போது, என் பக்கம் திரும்பி ஒரு தரம் பார்ப்பார். நான் இடுப்பில் சாவி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.